வீடு நிற்கும்போதே



தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அதிட்டானத்தில் ராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டு வரிகளை 1858இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி படமெடுத்தார். அந்த வரிகள் ஒரு சட்டத்துக்குள் அடங்குபவை அல்ல. கேமராவை ஓரிடத்தில் நிறுத்தி ஒரு படம், சற்றுத் தள்ளி நிறுத்தி அடுத்த படம் என்று சுவரோடு சுவராக நகர்ந்து 21 படங்கள் எடுத்தார். அவற்றை ஓரம் பொருத்தி ஒட்டியபோது 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக வந்தது. அந்தக் கல்வெட்டுகளை ஹுல்ட்ஸ் என்ற கல்வெட்டு ஆய்வாளர் படித்து அச்சில் கொண்டுவர அதன்பிறகு 30 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. படித்துப் பொருள் சொல்ல ஆள் வருவதற்கு முன்பே எழுத்து படமாகிவிட்டது.

பழைய கட்டடங்களின் பழைய படங்களைப் பற்றிப் பேசவே இந்த இதழை ஒதுக்கியிருக்கிறோம். தொகுக்க உட்கார்ந்த நாளிலிருந்து இந்த 19 அடிப் படம் என் நினைவைவிட்டு அகலவில்லை. எதற்குப் படம் எடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. இன்று நமக்குப் பொருள் புரியாதது பின்னால் வருகிறவருக்குப் புரியலாம். அவர் வரும்போது பார்க்க ஏதாவது இருக்க வேண்டும்.

ட்ரைப் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் 1822இல் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் சேர்ந்து இங்கே வந்தார். 1854இல் பேலூரையும் ஹளேபீடையும் எடுத்தார். மறு ஆண்டு மதராஸில் நடந்த கண்காட்சியில் அந்தப் படங்கள் பலர் கண்ணில் பட்டன. 1855இல் பர்மா அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவோடு போய் அங்கிருந்த பகோடாக்களைப் படமாக்கினார். 1856இல் மதராஸ் அரசாங்கம் அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 கடைசியில், வடக்கே கலகம் இன்னும் அடங்காத நேரத்தில், மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு தெற்கே புறப்பட்டார். ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை, அன்று திருவாடி என்று சொல்லப்பட்ட திருவையாறு என்று அந்தப் பயணத்தின் படங்கள் 1858இலேயே தனித்தனித் தொகுதிகளாக வந்தன.

அவர் வேலைசெய்த விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். இந்தப் பயணத்தில் அவர் பெரும்பாலும் நம்பியது காகித நெகட்டிவை. நல்ல காகிதத்தில் மெழுகை உருக்கி ஊறவைப்பது, ரசாயனத்தில் தோய்ப்பது, இருட்டில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் போட்டு எடுப்பது, அதைக் கேமராவுக்குள் வைத்து நிமிடக்கணக்கில் வெளிச்சம் காட்டுவது. காகிதம் ஒன்றேகால் அடிக்கு ஓரடி இருக்கும். படத்தைப் பெரிதாக்கும் வசதி கிடையாது. நெகட்டிவ் எவ்வளவோ அவ்வளவுதான் படம். நம் ஊர் வெயிலில் ரசாயனம் சொன்னபடி கேட்பதில்லை. அன்றைய நெகட்டிவிலிருந்து அச்சிட்டால் நீலம் வெளுத்துவிடும் என்பதால் வானம் வெறுமையாக விழும். ட்ரைப் நெகட்டிவின்மேல் தூரிகையால் மேகம் தீட்டினார். அவர் படங்களில் கோபுரத்துக்குப் பின்னால் மிதக்கும் மேகங்கள் பலவும் கையால் வரைந்தவை. கல்லில் ஒரு கோடும் விட்டுப்போகக் கூடாது என்று பாடுபட்டவர், வானத்தில் மட்டும் ஓவியராக இருந்திருக்கிறார். எனக்கு அவரை இன்னும் பிடித்துப்போக இதுவும் ஒரு காரணம்.

மதுரைப் படங்களில் திருமலை நாயக்கர் மகாலைப் பாருங்கள். இன்று மாலையில் ஒலி ஒளிக் காட்சி நடக்கும் அந்த முற்றம் அன்று பாழடைந்து கிடந்தது. அதைப் பழுதுபார்க்க ஏற்பாடு செய்தவர் 1866 முதல் 1872 வரை ஆளுநராக இருந்த நேப்பியர். ஆக, நாம் இன்று பார்ப்பது செப்பனிட்ட மகாலை. செப்பனிடுவதற்கு முன் சுதை எங்கே பெயர்ந்திருந்தது, வளைவுகள் எந்த நிலையில் நின்றன என்று தெரிந்துகொள்ள அந்தப் பழைய படங்களிடம்தான் போக வேண்டும். ஸ்ரீரங்கத்தின் தெற்கு ராஜகோபுரம் 1987இல்தான் முழுமை பெற்றது. அதற்கு முந்தைய படங்களில் அது மொட்டைக் கோபுரம். முப்பது வயதுக்காரர் ஒருவரிடம் அந்தப் படத்தைக் காட்டினால் இது எந்த ஊர் என்று கேட்பார். கட்டடமும் வயதுக்கேற்ப முகம் மாறுகிறது.

1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், அரசாங்கத்தின் நிதி நிலைக்கு இது ஆடம்பரம் என்று கருதி ட்ரைப்பின் பணியை நிறுத்தினார். அத்தோடு அவருடைய பெரிய புகைப்பட முயற்சிகள் முடிந்துபோயின. 1902இல் காலமானார். வாஷிங்டன், நியூயார்க், லண்டன் என்று மூன்று நகரங்களின் பெரிய அருங்காட்சியகங்கள் அவர் படங்களுக்கென்றே கண்காட்சி வைக்க 2014, 2015 வரவேண்டியிருந்தது. செலவை மிச்சம் பிடிக்க நினைத்த ஆளுநரை நான் வில்லனாக்க விரும்பவில்லை. கணக்குப் பார்ப்பது அவர் வேலை. ஆனால் அவர் இன்னும் இரண்டு வருடம் பொறுத்திருந்தால் தமிழகத்தின் எந்தெந்த ஊர்கள் அந்தக் காகிதத்தில் விழுந்திருக்கும் என்று நினைக்கும்போது மனம் ஆறவில்லை.

அவருக்குப் பிறகும் ஆட்கள் வந்தார்கள். 1867, 68இல் எட்மண்ட் லயன் அரசாங்கத்துக்காகத் தென்னகக் கோயில்களைச் சுற்றிவந்து படமெடுத்தார். மதராஸில் நிக்கலஸ், பிறகு வீல் அண்ட் கிளைன் என்று ஸ்டூடியோக்கள் கோபுரங்களையும் குளங்களையும் எடுத்து விற்றன. 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மறு ஆண்டிலிருந்து கிராமம் கிராமமாகப் போய்க் கோயில்களையும் சிலைகளையும் படமாக்கியது. அங்கே இன்று லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. களவுபோன சாமி சிலை ஒன்று வெளிநாட்டு அருங்காட்சியகத்தில் தென்படும்போது, அது எந்த ஊர்க் கோயிலில் இருந்தது என்று காட்ட அந்தப் படங்கள் சான்றாக நின்றிருக்கின்றன. படம் எடுத்தவர்கள் அன்று இதையெல்லாம் நினைத்திருக்க மாட்டார்கள்.

சரி, இதில் வீடு எங்கே?

கோயில் இருக்கிறது, அரண்மனை இருக்கிறது, கோட்டை இருக்கிறது. சாதாரண மனிதர் குடியிருந்த வீடு இந்தப் பெரிய தொகுப்புகளில் எப்போதாவது ஓரத்தில் எட்டிப் பார்க்கும், தேர் வீதியைப் படமெடுக்கும்போது தற்செயலாக விழுந்த திண்ணையைப் போல. வீட்டைத் தேடிப் போய் எடுத்தவர்கள் நம்மிடையே மிகக் குறைவு. அப்படித் தேடிப் போன ஒருவரை அமெரிக்காவில் பார்க்கிறேன். அவரைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

ஃபிரான்சஸ் பெஞ்சமின் ஜான்ஸ்டன் 1864இல் பிறந்தவர். கோடாக் நிறுவனத்தை உண்டாக்கிய ஜார்ஜ் ஈஸ்ட்மன் கொடுத்த கேமராவோடு தொழிலுக்கு வந்து, வாஷிங்டனில் ஸ்டூடியோ வைத்து, அமெரிக்க அதிபர்களையெல்லாம் படம் பிடித்துப் பேர் வாங்கியவர். அறுபதைத் தாண்டிய வயதில், 1927இல், வர்ஜீனியா மாநிலத்தின் ஃபிரடெரிக்ஸ்பர்க் ஊர்ப் பக்கம் ஒரு மாளிகையைப் படமெடுக்கப் போனார். போன இடத்தில் அந்த ஊரின் பழைய வீடுகள் அவரை இழுத்துக்கொண்டன. 1933இல் கார்னகி அறக்கட்டளையின் நிதி கிடைத்தது. அப்போது அவருக்குக் கிட்டத்தட்ட 70 வயது. காரில் ஏறி வர்ஜீனியா, மேரிலாந்து, வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா, அலபாமா, லூசியானா என்று அமெரிக்காவின் தென் மாநிலங்களைச் சுற்றத் தொடங்கியவர் 1940 வரை ஓயவில்லை. 1,700க்கும் மேற்பட்ட கட்டடங்கள், 7,000க்கும் மேற்பட்ட படங்கள். எல்லாம் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. நம் வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம்.

வெள்ளைத் தூண் வைத்த மாளிகைகளை மட்டும் அவர் எடுக்கவில்லை. களஞ்சியம், மாவு மில், வழிப்போக்கர் சத்திரம், தனியாக ஒதுங்கி நின்ற சமையல்கட்டு, மாளிகைக்குப் பின்னால் அடிமைகள் அடைபட்டிருந்த குடில்கள் எல்லாவற்றையும் எடுத்தார். அந்த மாளிகைகள் பருத்தி, நெல், கரும்பு வயல்களில் அடிமைகளின் உழைப்பில் எழுந்தவை. முகப்பின் அழகை மட்டும் எடுத்து வைத்திருந்தால் அந்தத் தொகுப்பு பாதி உண்மையாகவே இருந்திருக்கும். மாளிகையைக் காப்பாற்றப் பணக்காரர் யாராவது வருவார். குடிலுக்கு யாரும் வரமாட்டார்கள். முதலில் மறைவது எதுவோ அதைப் படமாவது எடுத்து வை என்பது அவர் படங்களைப் பார்த்து நான் எடுத்துக்கொண்ட பாடம். கட்டடக் கலைஞர் அல்லாத அவருக்கு 1945இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் கழகம் கௌரவ உறுப்பினர் பதவி கொடுத்தது. 1952இல், அவர் நேசித்த தெற்கிலேயே, நியூ ஆர்லியன்ஸில் மறைந்தார்.

அவர் காரில் சுற்றிக்கொண்டிருந்த அதே 1930களில் நம் செட்டிநாட்டில் என்ன நடந்தது? உலகப் பொருளாதார மந்தம் அங்கேயும் வந்தது. பர்மா நெல்லின் விலை சரிந்தது. பர்மாவில் செட்டியார்கள் கடன் கொடுத்த பணம் நிலமாகத் திரும்பி வந்து, அந்த நிலமும் 1942இல் ஜப்பானியப் படையெடுப்போடு கைநழுவத் தொடங்கியது. அதுவரை ரங்கூனிலும் மோல்மீனிலும் சம்பாதித்ததெல்லாம் பர்மாத் தேக்காகவும் இத்தாலிப் பளிங்காகவும் ஆத்தங்குடிக் கல்லாகவும் மாறி முகப்பு, வளவு, இரண்டாம்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீடுகளாக எழுந்திருந்தது. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம் பிடித்தன. ஆனால் பட்டியல் வருவதற்குள் எத்தனையோ வீடுகள் பிரிக்கப்பட்டு, தூணும் நிலையும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விட்டன. தூணை வாங்கிப் போய் ஓட்டலில் நிறுத்தலாம், தப்பில்லை. அது எந்த ஊரில், எந்த வீட்டு வளவில், எத்தனையாவது தூணாக நின்றது என்று யார் சொல்வார்? பிரிப்பதற்கு முன்னால் யாராவது நாலு மூலையிலும் நின்று படம் எடுத்திருந்தால் அந்தத் தூணுக்கு ஊரும் பேரும் இருந்திருக்கும்.

இதைச் சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கானாடுகாத்தானிலிருந்து வந்து, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை உருவாக்கிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பெயரைச் சுமக்கும் பேட்டை இது. அடையாற்றங்கரையில் செட்டிநாடு மாளிகை இருக்கிறது. கிரீன்வேஸ் சாலையில் இசைக் கல்லூரி நடக்கும் கட்டடம் பிராடி கேசில். ஜேம்ஸ் பிராடி என்ற கம்பெனி அதிகாரி 1796இல் ஆற்றோரம் நிலம் வாங்கிக் கட்டிய தோட்ட வீடு அது. அதன் வெள்ளைத் தூண்களைப் பார்த்துவிட்டு ஜான்ஸ்டன் எடுத்த தென் கரோலினா வீடுகளைப் பார்த்தால் உறவு தெரியும். இரண்டு ஊருக்கும் மாதிரி போனது இங்கிலாந்திலிருந்து. இரண்டு ஊரிலும் வெயிலும் புழுக்கமும் சேர்ந்து அந்த மாதிரியைத் திருத்தி, தாழ்வாரத்தை அகலமாக்கி, கூரையை உயர்த்தின. நம் கொத்தனார்கள் கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்து, பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்குக்குச் சமமாக மினுக்கினார்கள். அந்தப் பூச்சுக்கு மதராஸ் பேர்போனது.

பிராடி கேசிலுக்குப் படம் இருக்கிறது, எழுதுவோரும் இருக்கிறார்கள். என் கவலை அதைச் சுற்றியிருக்கும் தெருக்களைப் பற்றியது. மெயின் ரோடுகளிலும் குறுக்குத் தெருக்களிலும் ஐம்பதுகள், அறுபதுகளில் கட்டிய தனி வீடுகளை நினைத்துப் பாருங்கள். வளைந்து திரும்பும் பால்கனி. சூரியன் உதிப்பதுபோல் கம்பி வளைத்த கேட். போர்டிகோவில் ஒரு ஃபியட் நிற்கும் அளவுக்கு இடம். உள்ளே ஹாலில் மொசைக், சமையலறையில் சிவப்பு ஆக்ஸைடு தரை. அதைக் காலம் காலமாகத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடிபோல் ஆக்கியிருப்பார்கள். கொஞ்சம் பழைய வீடென்றால் அண்ணாந்து பார்த்தாலே மெட்ராஸ் டெரஸ் தெரியும். தேக்கு உத்தரங்களுக்குமேல் சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக, சாய்வு வரிசையில் சுண்ணாம்புக் காரை வைத்து அடுக்கிப் போட்ட மச்சு அது. பின்கட்டில் கிணறு, துணி துவைக்கும் கல், ஒரு மாமரம். இந்த வீடுகளை வடிவமைத்தவரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. கட்டிய மேஸ்திரியின் பெயரைக் கேட்கவே வேண்டாம். பாரம்பரியக் கட்டடப் பட்டியல் எதிலும் இவை வராது.

ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. காலையில் நடைப்பயிற்சிக்குப் போனால் எங்காவது ஒரு காம்பவுண்டைச் சுற்றித் தகரம் அடித்திருக்கிறது. சில வாரத்தில் ஜன்னல் சட்டங்கள் லாரியில் ஏறுகின்றன.

விற்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நாலு பிள்ளைகள் நாலு தேசத்தில் இருக்க, எழுபத்தைந்து வயதில் மாடிப்படி ஏற முடியாமல், ஒழுகும் மச்சுக்கு ஆள் தேடி அலையும் அம்மாவிடம் போய்ப் பாரம்பரியம் பேசுவது நியாயமில்லை. லிஃப்ட் உள்ள ஃப்ளாட் அவருக்குத் தேவை. ஒரே மனையில் எட்டுக் குடும்பம் வாழ முடிவதும் நகரத்துக்கு நல்லதுதான். எல்லா வீட்டையும் முட்டுக்காடு தக்ஷிணசித்ராவில் செய்ததுபோல் கழற்றி எடுத்துப் போய் மறுபடி நிறுத்தவும் முடியாது. வீடு போகட்டும். படம் எடுக்காமல் போக வேண்டாம் என்பதுதான் நான் கேட்பது.

நம் ஆல்பங்களில் படமே இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் அவற்றில் வீடு பின்னணி மட்டும்தான். சீமந்தத்தில் அக்காவின் தோளுக்குப் பின்னால் கதவின் ஒரு மூலை. தீபாவளிக்குப் புஸ்வாணம் கொளுத்தும் பையனுக்குப் பின்னால் மங்கலாக வாசல்படி. இன்னும் பழைய ஸ்டூடியோ படங்களில் தாத்தா பாட்டிக்குப் பின்னால் இருப்பது துணித்திரையில் வரைந்த தூணும் படிக்கட்டும். சொந்த வீட்டின் தூண் படத்தில் இல்லை, திரையிலிருந்த கற்பனை மாளிகையின் தூண் இருக்கிறது. அந்த ஸ்டூடியோ படங்களையும் அலட்சியம் செய்துவிடாதீர்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழகத்தின் பழைய ஸ்டூடியோக்களைத் தேடிப் போய் அவற்றின் கண்ணாடி நெகட்டிவ்களையும் அச்சுகளையும் மின்படிகளாக்கியிருக்கிறார்கள். அதுவும் தாமதமாகத் தொடங்கிய வேலைதான். தொடங்கியதே பெரிது.

எனவே இந்த இதழிலிருந்து ஒரு பகுதியை வாசகர்களின் வீடுகளுக்காகத் திறந்து வைக்கிறோம். ராஜா அண்ணாமலைபுரம்தான் என்றில்லை, மந்தைவெளி, மயிலாப்பூர், தி. நகர், அடையாறு, அல்லது நீங்கள் பிறந்த ஊர் எதுவானாலும் சரி. பங்களாதான் வேண்டும் என்றும் இல்லை. ஒண்டுக்குடித்தனத்தின் பொது நடை, ஓட்டு வீடு, வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு, அவுட் ஹவுஸ், வாட்ச்மேன் குடும்பம் வாழ்ந்த தகரக் கொட்டகை எல்லாமே வீடுதான்.

எப்படி எடுப்பது என்று கேட்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. கைப்பேசி போதும். முகப்பை எதிரே நேராக நின்று எடுங்கள், சுவர்க் கோடுகள் சாயாமல். வெயில் சாய்வாக விழும் காலை எட்டு மணி வாக்கில் எடுத்தால் சுவரின் மேடுபள்ளம் தெரியும். உள்ளே வந்து ஒவ்வொரு அறையிலும் எதிரெதிர் மூலைகளில் நின்று எடுங்கள். பிறகு கிட்டே போங்கள். கதவின் தாழ்ப்பாள், ஜன்னல் கம்பி, படிக்கட்டின் கைப்பிடி திரும்பும் இடம், தரையும் சுவரும் சேரும் மூலை. சமையலறையையும் குளியலறையையும் விட்டுவிடாதீர்கள். அங்கேதான் வாழ்க்கை மாறிய தடம் அதிகம். அம்மி எடுத்த இடத்தில் மிக்ஸிக்கு ப்ளக் வைத்திருப்பார்கள், பாய்லர் இருந்த மூலையில் கீசர் தொங்கும். ஒழுங்குபடுத்திவிட்டு எடுக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். காலண்டர் தொங்கட்டும், செருப்புக் கிடக்கட்டும்.

கையில் பழைய அச்சுகள் இருந்தால் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். செலோடேப் வேண்டாம், பசை தடவிய பக்கங்கள் உள்ள ஆல்பமும் வேண்டாம். நம் கடற்கரை ஈரத்துக்குப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைப் பிய்த்து எடுக்க முயன்றால் முகமே உரிந்து வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் இடையே அமிலமில்லாத தாளை வைத்து, இரும்பு பீரோவின் மேல் தட்டில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பின்பக்கம் எழுத வேண்டுமென்றால் மென்மையான பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் வரை தடம் பதிக்கும். ஸ்கேன் செய்யும்போது 600 டிபிஐ வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் ஸ்டூடியோ பெயர் அச்சிட்டிருந்தால் அதையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள்.

எங்களுக்கு அனுப்பும்போது படத்தோடு கொஞ்சம் விவரமும் வேண்டும். எந்தத் தெரு, எந்த வருடம் கட்டியது, அப்போது செங்கல் எங்கிருந்து வந்தது, எந்த அறையில் யார் படுத்தார்கள், எந்தச் சுவரை எப்போது இடித்து இரண்டு அறையை ஒன்றாக்கினீர்கள். கட்டிய மேஸ்திரி, தச்சர், தரை போட்டவர் பெயர் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அவர்களைக் கேட்டு எழுதுங்கள். நினைவில்லை என்றால் பழைய கணக்கு நோட்டில் கூலி கொடுத்த பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள், அதில் இருக்கும். படத்துக்குக் கீழே உங்கள் பெயரோடு அவர்கள் பெயரையும் அச்சிடுவோம். வீட்டை இடிக்க நாள் குறித்தாகிவிட்டது என்றால் உறையின்மேல் அதைக் குறிப்பிட்டு அனுப்புங்கள். எங்கள் புகைப்படக்காரர் இடிப்பதற்கு முன் நேரில் வந்து எடுப்பார்.

அன்புடன்,
ஆசிரியர்